ஆறாத தையலும் ஸ்டெம் செல்லும்

ஐயா,

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் என் அக்காவின் இரைப்பையை முக்கால் பங்குக்கு மேல் வெட்டிக் குழாய் போலாக்கினார்கள். தையலின் மேல்முனை ஆறாமல் கசிந்தது. ஏழு வாரம் விலாவோரம் ஒரு குழாய், அதன் நுனியில் பை. காலையில் எழுந்ததும் பையில் எத்தனை மில்லி என்று பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை. அந்த நிலையில் யார் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். ஸ்டெம் செல் (வேறுவகைச் செல்களாக மாறவல்ல மூலச்செல்) ஊசி போட்டால் கசிவு மூடிவிடும் என்று சிலர் லட்சக்கணக்கில் பணம் கேட்டார்கள்.

உடல் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ஆறாத துளையைச் சுற்றிச் செலுத்துவது நிஜமான ஆராய்ச்சிதான். பலித்தால் மிகவும் மகிழ்வேன். ஆனால் கிரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களின் ஆசனவாய்ப் புரைக்கு (பௌத்திரம்) ஐரோப்பா 2018இல் அனுமதித்த இத்தகைய மருந்தே, பின்னர் நடந்த பெரிய சோதனையில் பலன் நிரூபணமாகாமல் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. இங்கேயோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தப் புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை மருத்துவ ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது.

நாங்கள் மறுத்துவிட்டோம். அப்புறம் கசிவை உள்ளிருந்து மறைக்கும் ஸ்டென்ட் குழாயும், மூக்குவழிக் குழாய் உணவும், பொறுமையும்தான் அக்காவைக் காப்பாற்றின. இத்தகைய சிகிச்சை பற்றிச் செய்தி போடும்போது, அது இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவான ஆய்வா, கட்டணம் உண்டா என்ற இரண்டையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

ஒரு வாசகி, மதுரை