விடுமுறைப் பையில் இரண்டு புத்தகங்கள்

அன்பான பெற்றோருக்கும், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பாயி, அம்மாயி, தாத்தாமாருக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தை உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தரம் ஒன்று, இரண்டில் படிக்கும் சின்னப் பிள்ளை என்றால் அக்காவோ அண்ணனோ வாசிக்கட்டும். நடுவில் திக்கினால் பரவாயில்லை, அவசரப்படுத்தாதீர்கள். நான் கேட்க வந்ததே இதைத்தான். இந்தச் சித்திரை விடுமுறையில் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் உங்கள் வீட்டில் பிள்ளை வாசிக்கும் சத்தம் கேட்க வேண்டும்.

முதலாம் தவணை முடிகிறது. விடுமுறைத் திகதிகளும், பாடசாலை மீண்டும் தொடங்கும் நாளும் தேர்ச்சி அறிக்கையோடு இணைத்த துண்டில் இருக்கின்றன. துண்டு கிடைக்காதவர்கள் வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்திரை மாதம் நம் வீடுகளில் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். மழை விழுந்ததும் கொழுந்து மளமளவென்று வரும் காலம். விடிந்ததும் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகிற அம்மாமார் கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிடும். அப்புறம் விறகு, தண்ணீர், சமையல். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் அண்ணன்மார் புத்தாண்டுக்குக் கடை மூடியதும் பஸ் ஏறி வந்து சேருவார்கள். அதே நாட்களில் பல தோட்டங்களில் கோயில் திருவிழாவும் வரும். கரகம் பாலிப்பு, தீமிதிப்பு, இரவெல்லாம் ஒலிபெருக்கி. வந்த சொந்தக்காரர்களுக்குப் பாய் விரிக்கவே காம்பராவில் இடம் போதாது.

நானும் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தான். தனி அறை, மேசை, மேசை விளக்கு எல்லாம் இருக்கிற வீட்டை மனதில் வைத்து இதை எழுதவில்லை. பிள்ளைக்கு ஒரு புத்தகம் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். கேட்கிற ஆளுக்கு நம் வீடுகளில் ஒருநாளும் பஞ்சமில்லை.

போன வருடம் விடுமுறை முடிந்து புத்தகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு தாய் சொப்பிங் பேக்கில் மூன்று சுற்றுச் சுற்றி, மேலே நூலும் கட்டி, ஒரு கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "கொடுத்த மாதிரியே இருக்கு சேர், அலுமாரிக்கு மேலேயே வைத்திருந்தேன், பிள்ளையைத் தொடவே விடல" என்று சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அந்தப் பிள்ளை தரம் நான்கு. நான்கு கிழமையாக அந்தப் புத்தகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். விசாரித்தபோது காரணம் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுடைய அண்ணன் ஒரு புத்தகத்தை மழையில் நனைத்துவிட்டான். அதற்கு நாங்கள் தண்டப் பணம் வாங்கியிருக்கிறோம். அது எங்கள் பிழை. பெற்றோர் மனதில் அந்தப் பயத்தைப் போட்டது இந்தப் பாடசாலைதான். அன்றோடு தண்டப் பணத்தை நிறுத்திவிட்டேன்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த முறை ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் இரண்டு புத்தகங்கள் அனுப்புகிறோம். ஒன்று பிள்ளையே தேர்ந்தெடுத்தது, மற்றது ஆசிரியர் தேர்ந்தெடுத்தது. தேத்தண்ணி சிந்தினாலும் சரி, தம்பி ஒரு பக்கத்தைக் கிழித்தாலும் சரி, அடுப்படிப் புகை படிந்தாலும் சரி, யாரும் ஒரு சதம் கேட்க மாட்டார்கள். புத்தகம் தொலைந்தே போனாலும் பிள்ளையை அடிக்காதீர்கள். நடந்ததை என்னிடம் வந்து சொன்னால் போதும்.

இனி என் சொந்தக் கதை ஒன்று. எனக்கு வாசிப்பு பாதி பாடசாலையில் வந்தது, மீதிப் பாதி பக்கத்து வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், வந்தது. 1964ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் தோட்டங்களிலிருந்து எத்தனை குடும்பங்கள் இந்தியாவுக்குப் போயின என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். பக்கத்து வீட்டு அம்மாயியின் மூத்த மகளும் அப்படிப் போய்க் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரிடமிருந்து கடிதம் வரும். அம்மாயிக்கு எழுத்து தெரியாது. நான்காம் வகுப்பில் இருந்த என்னைக் கூப்பிட்டு இஸ்தோப்பில் உட்காரவைத்து, பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்து வாசிக்கச் சொல்வார். ஒரே கடிதத்தை மூன்று தடவை வாசிக்க வேண்டும். மூன்றாவது தடவை இடையில் நிறுத்தி, "அந்த இடத்தைத் திரும்பச் சொல்லுய்யா" என்பார்.

ஒருநாள், "பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை" என்பது வரைக்கும் வாசித்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்திவிட்டேன். அம்மாயி அழத் தொடங்கிவிட்டார். அடுத்த வரியில் "என்று பயந்துகொண்டிருந்தோம், இப்போது நல்ல சுகம்" என்று இருந்தது. அதையும் வாசித்த பிறகுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நம் தமிழில் வசனம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது என்பதை அன்றைக்குப் படித்தேன். எந்த ஆசிரியரும் அதை எனக்கு அவ்வளவு ஆழமாகச் சொல்லித் தந்ததில்லை. எதிரே ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார், நான் வாசிப்பதை நம்பித்தான் அவர் சிரிப்பார், அழுவார் என்று தெரிந்த பிள்ளை எழுத்தை மேய்ந்துவிட்டுப் போகாது.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் சிலர் என்னிடம், "எங்களுக்கு என்ன தெரியும் சேர், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பார்கள். எனக்கு அந்த அம்மாயிதான் நினைவுக்கு வருவார். அவர் எனக்கு ஓர் எழுத்தும் கற்றுத் தரவில்லை. உட்கார்ந்து கேட்டார், அவ்வளவுதான். உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம், நீங்கள் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை அடுப்பு ஓரமாக உட்கார்ந்து வாசிக்கட்டும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று இடையில் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த நேரத்தில் டீவியை மட்டும் நிறுத்திவைத்துவிடுங்கள். நாடகம் எத்தனை மணிக்கு என்று உங்களுக்குத் தெரியும், அதற்கு முன்பாகவோ பின்பாகவோ வைத்துக்கொள்ளலாம்.

இது நம் மலையகத்துக்குப் புதிய பழக்கமும் இல்லை. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தொடங்கின. தோட்டங்களில் பத்திரிகை வாங்குபவர் ஒருவர், கேட்பவர் பத்துப் பேர் என்றுதான் அந்தக் காலம் இருந்தது. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரும் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையும் தொழிலாளர் உரிமைகளைப் பாட்டாக எழுதினார்கள். வாசிக்கத் தெரியாதவர்களின் காதுக்கும் போய்ச் சேரட்டும் என்று மீனாட்சியம்மை கூட்டங்களில் அவற்றைப் பாடினார். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர், கவிஞர், கதாசிரியர். நம் பாட்டிமார் வாயில் இருந்த பாட்டுகளைத் தேடித் தேடி எழுதி வைத்தவர் அவர். எழுதியிராவிட்டால் அவற்றில் பல இன்றைக்கு நம்மிடம் இருந்திருக்காது.

அதனால் அப்பாயி, அம்மாயிமாரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த ஒரு தாலாட்டையோ, கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டையோ, காமன் கூத்தில் கேட்ட கதையையோ பேரப்பிள்ளைக்குச் சொல்லுங்கள். பிள்ளை அதைக் கொப்பியில் எழுதி, எழுதியதை உங்களுக்கே வாசித்துக் காட்டட்டும். பிழையாக எழுதியிருந்தால் உங்கள் காதுக்கு உடனே தெரிந்துவிடும். தரம் 3 முதல் 9 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் விடுமுறை வீட்டு வேலை இது ஒன்றுதான். வேறெதுவும் கொடுக்க வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

புத்தகம் இரண்டும் முடிந்துவிட்டால் என்ன செய்வது? வீட்டுக்குள்ளேயே பாருங்கள், வாசிக்க நிறைய இருக்கிறது. திருவிழா நோட்டீஸ் எல்லா வீட்டுக்கும் வரும். எந்த நாளில் யாருடைய உபயம் என்று பிள்ளை வாசித்துச் சொல்லட்டும். அப்பாவின் பெயர் அதில் இருந்தால் எவ்வளவு சந்தோஷமாக வாசிப்பான் பாருங்கள். புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், திருக்கணித பஞ்சாங்கம் வேறொன்று சொல்லும். இரண்டையும் கலண்டரில் தேடி எடுக்கிற வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். பதுளைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் ஒவ்வொரு நிலையத்தின் பெயர்ப் பலகையையும் வாசிக்கச் சொல்லுங்கள். நாட்டிலேயே மிக உயரத்தில், ஏறத்தாழ 1,897 மீட்டரில், பட்டிப்பொல நிலையம் இருக்கிறது என்பதைப் படத்தில் பார்ப்பதைவிடக் குளிரில் யன்னலைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. பலகையில் சிங்களமும் இருக்கும். நம் பிள்ளைகள் அதையும் எழுத்துக் கூட்டிப் பழக வேண்டும், நாளைக்கு வேலை தேடிப் போகும் இடத்தில் கட்டாயம் தேவைப்படும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் உங்கள் சம்பளச் சிட்டையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் பிடிக்கப்படுகிறது, அதற்கு மேல் 12 சதவீதத்தைத் தோட்ட நிர்வாகம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதத்தையும் நிர்வாகமே கட்ட வேண்டும், உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. இந்த மாதம் எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் சம்பளம், விழுந்தது, எவ்வளவு கழிந்தது என்று தரம் 8 பிள்ளை கணக்குப் பார்த்துச் சொல்லும். பிள்ளை கணிதமும் படித்த மாதிரி, உங்கள் உழைப்பு என்னவென்று அறிந்த மாதிரியும் ஆகும்.

அம்மாவோ அப்பாவோ வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் நம் பாடசாலையில் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் போன் இல்லாமல் முடியாது, எனக்குத் தெரியும். அந்தப் போனிலேயே ஒரு வேலை செய்யலாம். பிள்ளை தினமும் ஒரு பக்கத்தை வாசித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அம்மாவுக்கு அனுப்பட்டும். அங்கே வேலை முடிந்து படுக்கப் போகும்போது அவர் கேட்பார். நம் பாடசாலையில் ஒரு மாணவி போன ஐப்பசியில், வாசிப்பு மாதத்தின்போது, இப்படிச் செய்யத் தொடங்கினாள். ஒருநாள் அனுப்பத் தவறினால் அம்மாவிடமிருந்து, "இன்றைக்குக் கதை எங்கே?" என்று செய்தி வந்துவிடுமாம்.

தரம் 5 பிள்ளைகளின் பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. புலமைப்பரிசில் பரீட்சை நினைப்பில் நீங்கள் இரவில் தூங்குவதில்லை என்று அறிவேன். விடுமுறை முழுவதும் பிள்ளையை டியூஷனுக்கும் மாதிரி வினாத்தாளுக்கும் கட்டிப்போடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு வினாத்தாள் போதும். பல வருடமாக விடைத்தாள்களைப் பார்த்துவருகிறேன். விடை தெரியாததால் புள்ளி போவதைவிட, கேள்வியைக் கடைசிவரை வாசிக்காததால் புள்ளி போவதுதான் அதிகம். இரண்டாவது வினாத்தாளில் பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு மற்றக் கேள்விகளும் இலேசாகும். கதை வாசிக்கிற நேரம் வீணான நேரம் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

பகலில் பிள்ளைகள் தனியாக இருக்கும் வீடுகளில், குளவிக் கூடு உள்ள மரப்பக்கம் போக வேண்டாம், பெரியவர் இல்லாமல் ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் குளிக்க வேண்டாம் என்று கண்டித்துச் சொல்லிவையுங்கள்.

விடுமுறையில் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை பாடசாலை நூலக அறை திறந்திருக்கும். புத்தாண்டு நாட்களில் மட்டும் மூடியிருக்கும். நானும் ஓர் ஆசிரியரும் இருப்போம். புத்தகம் மாற்ற விரும்பும் பிள்ளைகள் வரலாம், சீருடை தேவையில்லை. மேல் டிவிசன் பிள்ளைகள் தனியாக வராமல் நான்கைந்து பேராகச் சேர்ந்து வரட்டும்.

பாடசாலை தொடங்கும் நாளில் இரண்டு புத்தகங்களையும் பாட்டுக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பக்கம் கிழிந்த புத்தகங்களை ஒட்ட நூலக அறையில் பசையும் பழைய கலண்டர் தாளும் எடுத்துவைத்திருக்கிறேன். முதல் நாள் காலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானே ஒட்டுவேன். அலுமாரிக்கு மேலேயிருந்து புத்தகத்தை இறக்கித் தந்த அந்தத் தாயின் மகள், இந்த முறை தான் எடுத்துப்போகும் புத்தகத்தைத் தம்பிக்கு வாசித்துக் காட்டப்போவதாக நேற்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

உங்கள் எல்லோருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.

அன்புடன்,
அதிபர்