மின்சார ஃபாயில் பலகை: பேட்டரிப் பெட்டியைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

மின்சார ஹைட்ரோஃபாயில் பலகையை (அடியில் இறக்கை பொருத்திய, மோட்டாரில் ஓடும் நீர்ச்சறுக்குப் பலகை) சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். வேகம் கூடியதும் நீருக்கடியில் உள்ள இறக்கை பலகையையே மேலே தூக்கிவிடும், நீரின் இழுவை சட்டென்று குறையும், அதனால்தான் கையளவு மோட்டாரே ஓர் ஆளைச் சுமந்து செல்கிறது. அந்த முதல் எழுச்சிக்காக எவ்வளவு உழைத்தாலும் தகும். ஆனால் மோட்டாரில் காட்டும் அக்கறையைப் பலரும் பேட்டரிப் பெட்டியில் காட்டுவதில்லை. 14 லித்தியம் அயன் செல்களைத் தொடராக இணைத்தால் முழு சார்ஜில் 58.8 வோல்ட். பெட்டிக்குள் உப்புத்தண்ணீர் கசிந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம், கரையேறி வெகுநேரம் கழித்தும்கூட. என் முதல் பெட்டியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. காலியாகவே மூழ்கடித்துப் பார்த்ததால் தப்பித்தேன். அப்புறம், ரிமோட்டிலிருந்து விரலை எடுத்ததுமே மோட்டார் நிற்க வேண்டும், புரொப்பல்லருக்குக் கூண்டும் கட்டாயம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்