கொட்டாவியும் ஒரு திருத்தமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில், ‘அன்றாடப் பழக்கங்கள்: அறியாத அறிவியல்’ என்ற பக்கத்தில், “மூளைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காதபோது அதை ஈடுகட்டவே நாம் கொட்டாவி விடுகிறோம்” என்றொரு வாக்கியம் தடித்த எழுத்தில், கட்டம் கட்டி வெளியாகியிருந்தது. ‘என்று முன்பு கருதப்பட்டது’ என்பது போன்ற சிறு தயக்கம்கூட அதில் இல்லை. ‘அறியாத அறிவியல்’ என்ற தலைப்பு அந்தப் பக்கத்துக்கு இவ்வளவு பொருந்திவரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1987-ஆம் ஆண்டிலேயே தம் குழுவினருடன் இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டார் என்பது தாங்கள் அறியாததன்று. தூய ஆக்சிஜனைச் சுவாசித்தவர்களுக்குக் கொட்டாவி குறையவில்லை. கார்பன் டை ஆக்சைடு 3 சதவீதமும் 5 சதவீதமும் கலந்த காற்றைச் சுவாசித்தவர்களுக்கு மூச்சின் வேகம் கூடியதே தவிர, கொட்டாவி கூடவில்லை. மூச்சு இருமடங்காகும் அளவுக்கு உடற்பயிற்சி செய்ய வைத்தும் பார்த்தார்கள். அதற்கும் கொட்டாவி அசைந்து கொடுக்கவில்லை.

இதில் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் உயிரியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இதே பொய்யை நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டு, தேர்வில் சரியாக ஒப்பித்தவர்களுக்கு மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் வகுப்பில் கடைசி வரிசை மாணவி எழுந்து, “வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைகூடக் கொட்டாவி விடுவது ஸ்கேனில் தெரிகிறதாமே ஐயா, அது நம்மைப்போல் மூச்சு விடுவதே இல்லையே?” என்று கேட்டாள். கருவின் நுரையீரலில் இருப்பது காற்றன்று, திரவம். அதற்கு வேண்டிய ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வருகிறது. இவ்விரண்டையும் அவளுக்குக் கற்றுக் கொடுத்தவனே நான்தான். அன்று பதில் தெரியாமல், மணி அடித்ததைச் சாக்காக வைத்து வகுப்பை விட்டு வெளியேறினேன். ஒரு மாணவியின் கேள்விக்குப் பயந்து நான் கைவிட்டதைத் தங்கள் இதழ் இத்தனை ஆண்டுகள் கழித்துத் தூசி தட்டி எடுத்திருக்கிறது.

உண்மையான காரணம் என்னவென்று தாங்கள் கேட்கலாம். மூளையின் வெப்பத்தைத் தணிக்கவே கொட்டாவி என்று ஆண்ட்ரூ கேலப் என்பவர் 2007 முதல் சொல்லிவருகிறார். நெற்றியில் குளிர்ந்த பொதியை வைத்துக்கொண்டவர்களுக்குப் பிறரைப் பார்த்துத் தொற்றும் கொட்டாவி வெகுவாகக் குறைந்ததை அவர் காட்டினார். அதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை என்று எழுதியிருந்தால் வாசகர்கள் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். (கொட்டாவியைப் பற்றிப் படித்தாலே கொட்டாவி வரும் என்பதையும் புரொவைன் பதிவு செய்திருக்கிறார். எனவே இவ்விடத்தில் தங்களுக்குக் கொட்டாவி வந்தால் அதை நான் அவமதிப்பாகக் கொள்ள மாட்டேன்.)

இது முதல் தடவையாக இருந்திருந்தால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். புறா நடக்கும்போது உடல் கவிழாமலிருக்கத் தலையை ஆட்டுகிறது என்று இதே பக்கத்தில் முன்பொருமுறை எழுதினீர்கள். 1978-இல் பாரி ஃபிராஸ்ட் என்பவர் புறாவை ஓடுபட்டையின் (டிரெட்மில்) மேல் நடக்க விட்டார். கால்கள் நடந்துகொண்டிருக்க, சுற்றுப்புறம் மட்டும் அதன் கண்ணுக்கு நகராமல் நின்றபோது தலையாட்டம் நின்றுபோயிற்று. புறா தலையை முன்னே நீட்டி, உடல் வந்து சேரும்வரை அங்கேயே நிறுத்திவைப்பது பார்வை கலங்காமல் இருப்பதற்காக. அது குறித்து நான் அஞ்சலட்டை ஒன்று எழுதினேன், பதில் இல்லை.

அதன்பின், தோல் தண்ணீரை உறிஞ்சி ஊறுவதால்தான் நனைந்த விரல்கள் சுருங்குகின்றன என்று எழுதினீர்கள். இதற்கு நான் வேறெங்கும் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. 26 ஆண்டுகளுக்கு முன் பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை உடைந்து என் வலக்கை ஆட்காட்டி விரலின் நரம்புகள் அறுந்தன. காயம் ஆறியது, உணர்ச்சி திரும்பவில்லை. துணி துவைத்து முடிக்கும்போது மற்ற விரல்களெல்லாம் சுருங்கியிருக்க, அந்த ஒரு விரல் மட்டும் மழமழவென்று இருக்கும். ஊறுவதுதான் காரணமென்றால், தண்ணீர் அந்த விரலிடம் மட்டும் ஓரவஞ்சனை செய்கிறதா? நரம்பின் கட்டளையால் உள்ளே இரத்தக் குழாய்கள் ஒடுங்க, மேல்தோல் மடிந்து சுருங்குகிறது. நரம்பு பழுதான விரல்கள் சுருங்குவதில்லை என்பதை மருத்துவர்கள் 1930-களிலேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஈரப் பொருள்களைப் பற்றியெடுக்கச் சுருங்கிய விரல்கள் உதவுவதாக இங்கிலாந்தில் 2013-இல் ஓர் ஆய்வும் வெளியானது. இத்தனையையும் எழுதி, என் ஐந்து விரல்களின் புகைப்படத்தையும் இணைத்து அனுப்பினேன். அதுவும் கிணற்றில் போட்ட கல்லாயிற்று.

டொனால்ட் அங்கர் என்ற மருத்துவருக்கு வாய்த்த ஆசிரியர் எனக்கு வாய்க்கவில்லை என்று தேற்றிக்கொள்கிறேன். சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்று தாயும் அத்தைமாரும் பின்னாளில் மாமியாரும் மிரட்டியதால், அவர் இடக்கை விரல்களில் மட்டும் 50 ஆண்டுகளாக நாள்தோறும் இருமுறையாவது சொடக்கெடுத்து, வலக்கையைச் சும்மா விட்டுவைத்தார். முடிவில் இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை. ஒருவரின் கைகளை மட்டும் வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பெழுத முடியாதுதான். ஆயினும் 1998-இல் அதை அவர் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதினார், அவர்கள் வெளியிட்டார்கள். அது கட்டுரை அன்று, ஆசிரியருக்கு எழுதிய கடிதம்.

சென்ற வாரம் என் பேரனிடம் கொட்டாவி பற்றிய உண்மையை விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பத்திரிகையில் வேற மாதிரி போட்டிருக்கே தாத்தா” என்று தங்கள் இதழை எடுத்து நீட்டினான். அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே தடித்த எழுத்தில், கொட்டாவி பற்றி இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அதற்கு இடமில்லையெனில், முன்பு அனுப்பிய விரல் புகைப்படத்தையாவது திருப்பி அனுப்புங்கள். என்னிடம் வேறு பிரதி இல்லை. தபால்தலை ஒட்டிய உறையை இக்கடிதத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்
(இன்னமும் தங்கள் சந்தாதாரர்)