சைக்கிள் பயணம் வெளிக்கிட முதல் அல்ப்ஸை ஒருக்கா ஏறிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கட ஞாயிறு பேப்பரில அல்ப்ஸ் மலையில சைக்கிள் ஓடுறதைப் பத்தி வந்த கட்டுரையை எங்கட களுவாஞ்சிக்குடிப் பொடியன்மார் போன்ல படம் எடுத்து ஆளுக்காள் அனுப்பி இப்ப அடுத்த யூலைக்குப் போறதெண்டே நிக்கிறாங்க, சுவிஸில மாமா சித்தப்பா எண்டு யாராவது ஒராள் இரிக்கிறதால அது ஏலாத காரியமும் இல்ல. எனக்கும் சந்தோசம்தான். ஆனா அந்தக் கட்டுரை எடுத்த எடுப்பில இத்தாலிப் பக்கத்து ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஏறச் சொல்லுது, அதுதான் மனசுக்குள்ள கிடந்து குடையுது. ஸ்டெல்வியோ 2,757 மீற்றர், பிராட்டோ எண்ட ஊர்ப் பக்கத்தால ஏறினா 48 கொண்டை ஊசி வளைவு, ஒரு 24 கிலோமீற்றருக்குள்ள 1,800 மீற்றர் ஏத்தம். நம்மட நாட்டில ஆக உசந்த பீதுருதாலகாலயே 2,524 மீற்றர்தான். வாவிக்கரை ரோட்டில காத்துக்கு எதிரா மிதிச்சுப் பழகின கால் நல்ல கால்தான், ஆனா அந்தக் காலுக்கு ஏத்தம் தெரியாது.

பொடியன்மார் போகப்போறது ரைன் ஆத்தோட ஒல்லாந்துக் கடல் மட்டும், யூரோவெலோ 15 எண்ட சைக்கிள் பாதையால. ஆறே ஒரு 1,230 கிலோமீற்றர் நீளம். அவ்வளவு தூரம் சாமான் கட்டிக்கொண்டு ஓட முதல் ஒரு மூணு நாலு நாளை சுவிஸ் மலையூர் அண்டர்மாட்டில நிண்டு மலையைப் பழகுங்க எண்டுதான் நான் சொல்லுவன். சூரிச்சில இருந்து கோஷனன் மட்டும் கோச்சி, அங்க மாறி பல்லுத் தண்டவாளத்தில ஏறுற சின்னக் கோச்சியில ஷொலனன் பள்ளத்தாக்கால ஏறினா அண்டர்மாட். முதல் ஏத்தத்துக்கு ஓபரால்ப் கணவாய் போதும், 2,044 மீற்றர், அண்டர்மாட்டில இருந்து ஒரு 600 மீற்றர்தான் ஏறணும், நுவரெலியாவே 1,868 மீற்றர் எண்டா பாருங்க. முக்கியமா என்னண்டா அண்டர்மாட்டில இருந்து டிஸென்டிஸ் மட்டும் அந்தக் கணவாய்க்கு மேலாலயே கோச்சி ஓடுது, மழை இடி எண்டு வந்தா, கால் ஏலாமப் போனா, சைக்கிளுக்கும் ஒரு ரிக்கட் எடுத்து ஏத்திட்டு வரலாம். ஸ்டெல்வியோவில அந்த வசதி இல்ல. ஓபரால்ப் உச்சியில சிவப்பா ஒரு வெளிச்சவீடு நிக்குது, ரைன் கடலோட சேருற ஒல்லாந்துப் பக்கத்து வெளிச்சவீட்டைப் பாத்துச் செஞ்சது. பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பாத்து வளந்த பிள்ளைகள் மலை உச்சியில அப்படி ஒண்டைக் கண்டா எவ்வளவு சந்தோசப்படுவாங்க!

ஏறுறது பெரிசில்ல, இறக்கம்தான் கவனம். ஆயிரம் மீற்றருக்கு ஒரு ஆறரை டிகிரி கணக்கில குளிர் கூடும், வேர்வையில நனைஞ்ச சட்டையோட இறங்கக்குள்ள பத்து நிமிசத்தில விரல் விறைச்சு பிறேக்கைப் பிடிக்க ஏலாமப் போகும். முழுக் கையுறை, காத்துத் தடுக்கிற ஜக்கெட் ரெண்டும் கட்டாயம் வேணும். முந்தின காலத்து ரேஸ்காரர் உச்சியில பேப்பர் வாங்கி சட்டைக்குள்ள நெஞ்சோட வச்சுக்கொண்டுதான் இறங்குவாங்க, அது இண்டைக்கும் உதவும். இறக்கத்தில பிறேக்கை ஒரேயடியாப் பிடிச்சுக்கொண்டே வந்தா றிம் கொதிச்சு ரியூப் வெடிக்கும், வளைவு வர முதலே ரெண்டு பிறேக்கையும் இறுக்கி வேகத்தைக் குறைச்சிட்டு வளைவுக்குள்ள விட்டுக்குடுக்கணும். மறுகா இன்னொண்டு, அங்க வாகனம் வலப்பக்கத்தால ஓடும். இடப்பக்கம் ஓடிப் பழகின நமக்கு களைச்சுப் போய்க் கிறுகக்குள்ள கை தன்பாட்டில பழைய பக்கம் இழுக்கும், இத மட்டும் யாரும் சும்மா எடுக்காதீங்க.

கோடையில பின்னேரம் இடி மழை வாறது வழமை, வெள்ளன ஏறி மத்தியானத்துக்குள்ள இறங்கிடணும். யூலையிலயும் 2,000 மீற்றருக்கு மேல பனி கொட்டுற நாள் இரிக்கு. சுவிஸில ஏதும் நடந்தா ஹெலிகொப்டர் மீட்புக்கு 1414, ஐரோப்பா முழுக்க 112, போன்ல போட்டு வைங்க. கால் தேறினா மற்ற நாள் கொத்தார்ட் கணவாய்க்கு ஏறலாம், 2,106 மீற்றர், அங்கால எயிரோலோ ஊர்ப் பக்கம் கல்லுப் பதிச்ச பழைய திரெமோலா ரோட்டு அவ்வளவு வடிவு.

பழகுறதுக்கு இஞ்சயே ரோட்டு இரிக்கு. செங்கலடியில தொடங்கி மகா ஓயா, பிபிலை, பதுளை எண்டு நுவரெலியா தாண்டிப் போற ஏ5 ரோட்டுத்தான் அது. பதுளைக்கு அங்கால சாமான் கட்டி ஏறிப் பாத்தா எந்தக் கியர் பத்தல எண்டு விளங்கிடும், பின் சில்லில ஆகப் பெரிய பல்லுச் சக்கரத்துக்கு 34 பல்லாவது வேணும்.

விசாவை நினைச்சாத்தான் கவலை. சுவிஸ், ஜேர்மனி, ஒல்லாந்து எண்டு போனா எந்த நாட்டில கூட நாள் தங்குறீங்களோ அந்த நாட்டிட்டத்தான் விசா கேக்கணும், மாமா வீடு சுவிஸில இரிக்கெண்டு சுவிஸுக்குப் போட்டிட்டு ஜேர்மனியில கூட நாள் ஓடுற மாதிரித் திட்டம் குடுத்தா திருப்பி விடுவாங்க. பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முதலே இருந்து போடலாம், ஆகப் பிந்தினா 15 நாளைக்கு முதல் போட்டிடணும். 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்புறுதியும் கேப்பாங்க.

ஐயா, அடுத்த முறை படத்தோட சேத்து கணவாயின்ட உசரம், பனிக்குப் பூட்டுற மாசம், பக்கத்துக் கோச்சி நிலையம் இதுகளையும் போடுங்க. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தால ஏற்கெனவே போய் ஓடின ஆக்கள் இரிந்தா என்ன கியர் போட்டாங்க, என்ன உடுப்புக் கொண்டு போனாங்க எண்டு எழுதச் சொல்லிக் கேளுங்க. பொடியன்மார் விசாவுக்குப் போட முதல் அது வந்தா நல்லம்.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடி வாசகர்