கதைக்குத் தலையில் கருப்பொருளைக் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு சிறுகதையை அறிமுகம் செய்கிறீர்கள், நல்ல காரியம். ஆனால் கதைப் பெயருக்குக் கீழே ‘கருப்பொருள்: வறுமை’, ‘கருப்பொருள்: பெண்ணியம்’ என்று கட்டம் கட்டி ஒரு வரி போடுகிறீர்களே, அது வேண்டாம். நம் கொங்குப் பக்கத்துக் கதையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை, ‘மண்வாசனை’ என்று போட்டு முடித்துவிடுகிறீர்கள்.

முதலில் அந்தச் சொல்லே இடறுகிறது. தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் போன்றவை. பிரிதல், இரங்கல், ஊடல் முதலான மன நிலைகள், அதாவது பாட்டு எதைப் பற்றியதோ அது, உரிப்பொருள். இன்று கருப்பொருள் என்று நாம் எழுதுவதெல்லாம் அந்தக் கணக்கில் உரிப்பொருள்தான். சொல் இடம் மாறியதில் குற்றமில்லை. ஆனால் கதைக்குள் கிடக்கும் பண்டங்களைப் பிடித்துக்கொண்டு போனால்தான் உரிப்பொருள் கைக்கு வரும் என்ற பழைய வழி சிறுகதைக்கும் அப்படியே பொருந்தும்.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையைப் பாருங்கள். பிள்ளைகள் கதவில் தொற்றிக்கொண்டு, டிக்கெட் கொடுத்து, பஸ் ஓட்டி விளையாடுகிறார்கள். தீர்வை (நிலவரி) பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கதவில்லாத வீட்டில் பனியும் குளிரும் கைக்குழந்தையின் உயிரைக் கொண்டுபோகின்றன. பிறகு ஒருநாள் பிள்ளைகள் அதே கதவைச் சாவடிப் பக்கம் கண்டுபிடிக்கிறார்கள். இதற்கு ‘வறுமை’ என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் அதில் எதுவும் தெரிவதில்லை. அதற்குப் பதில் கதவு எத்தனை தடவை வேலை மாறுகிறது என்று எண்ணலாம். விளையாட்டுச் சாமான், பாக்கிக்கு ஈடு, குளிருக்கு மறைப்பு, கடைசியில் இழந்த சொந்தம். அதிகாரம் பலகையாகப் பார்த்தது அந்த வீட்டில் ஓர் உயிரைக் காத்து நின்றது என்று ஒரு முழு வாக்கியம் அப்போது தானாக வரும். ஒற்றைச் சொல் உரிப்பொருள் ஆகாது, வாக்கியமாக வந்தால்தான் ஆகும்.

வாக்கியம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேச’த்தில் (1966) முன்பின் தெரியாத ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகள் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று விஷயத்தை வீட்டோடு முடித்துவிடுகிறாள். அது ஊருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். ‘பெண்ணின் கற்பு’ என்ற சீட்டை இரண்டிலும் ஒட்டலாம். எதிரெதிரான இரண்டுக்கும் ஒரே சீட்டு பொருந்துகிறதென்றால், சீட்டில்தான் கோளாறு.

அடுத்த தவறு, கதையை நீதியாக்குவது. புதுமைப்பித்தனின் ‘பொன்னகர’த்தில் அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்க அம்மாளு தன் உடலைக் கொடுத்து முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். ‘இதுதான் ஐயா, பொன்னகரம்!’ என்று கதை முடிகிறது. அந்த ‘ஐயா’ வாசிப்பவரைப் பார்த்துச் சொன்னது. அதை விட்டுவிட்டு அம்மாளு செய்தது சரியா தவறா என்று பட்டிமன்றம் நடத்தினால், கதை யாரைக் கேள்வி கேட்டதோ அந்த ஆளே நீதிபதியாக உட்கார்ந்துகொள்கிறார்.

பழைய கதை என்றால் சமூகச் சீர்திருத்தம், நவீனக் கதை என்றால் தனிமனித மனம் என்ற பிரிவினையும் நிற்காது. கு.ப. ராஜகோபாலன் 1944-லேயே மறைந்தவர். அவருடைய ‘விடியுமா?’ கதையில் இரண்டே வார்த்தையில் ஒரு தந்தி, பிறகு ராத்திரி ரயில் பயணம், அவ்வளவுதான். அதில் சீர்திருத்தம் எங்கே இருக்கிறது?

மண்வாசனைக்கு வருகிறேன். நம் பக்கத்துக் கதைகளில் உரிப்பொருள் பெரும்பாலும் மரியாதைக்குச் சேர்க்கும் ‘ங்க’வில் ஒளிந்திருக்கும். யார் யாருக்கு ‘ங்க’ போடுகிறார்கள், யாருக்குப் போடுவதில்லை என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். நரைத்த தலைக்காரர் பண்ணையக்காரரைப் பார்த்து ‘சரிங்க பண்ணாடி’ என்கிறார், பண்ணையக்காரர் வீட்டு மீசை அரும்பாத பையன் அவரையே ‘போடா’ என்கிறான். அந்த இரண்டு வரியிலேயே சாதி முழுக்க வந்துவிடும், எழுத்தாளர் தனியாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. மௌனமாகப் படித்தால் இது தவறிப்போகும், வாய்விட்டுப் படிக்க வேண்டும். புரியாத சொல்லுக்குப் பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ இருக்கிறது. நம் பக்கத்து எழுத்தாளர்களான க.சீ. சிவகுமாரின் பகடியையும் தேவிபாரதியின் இறுக்கத்தையும் ஒரே ‘மண்வாசனை’ச் சாக்கில் போட்டுக் கட்டுவது, மஞ்சளையும் பருத்தியையும் ஒரே மூட்டையில் சந்தைக்கு அனுப்புவது மாதிரி.

வாசகர் வட்டங்களும் ஆசிரியர்களும் செய்து பார்க்கக்கூடியது இது. எட்டுப் பத்துப் பக்கக் கதையை முதல் தடவை பென்சில் இல்லாமல் படிக்க வேண்டும். இரண்டாம் தடவையில் மூன்று முறைக்கு மேல் வரும் பண்டம், காலம் தாவும் இடம், ஒருவரை ஒருவர் விளிக்கும் (கூப்பிடும்) விதம் மாறும் இடம் மூன்றையும் குறிக்க வேண்டும். பிறகு கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, கதை எதைப் பற்றியது என்று ஒரு வாக்கியம் எழுதி, கையை எடுத்துவிட்டு அதைத் திருத்த வேண்டும். திருத்தவே வேண்டியிருக்கவில்லை என்றால், ஒன்று முடிவு பலவீனம், அல்லது நாம் கதையைப் படிக்காமல் தலைப்பைப் படித்திருக்கிறோம். வாக்கியத்தில் ‘ஆனால்’ வராவிட்டாலும் சந்தேகப்படலாம்.

கட்டத்தை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகுமே என்றால், கதை முதலில் வெளிவந்த இதழ், ஆண்டு, இப்போது கிடைக்கும் தொகுப்பு ஆகிய மூன்றையும் போடுங்கள். கதையைத் தேடிப் படிக்க நினைப்பவர்களுக்கு அதுதான் வேண்டும்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.