டயல் போர் கேஜ் குறைபாடு தொடர்பான முறைப்பாடு

அனுப்புநர்:
உரிமையாளர்,
இயந்திரத் திருத்தகம்,
திருகோணமலை.

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: 50–160 மில்லிமீற்றர் டயல் போர் கேஜை மாற்றித் தருதல் அல்லது பணத்தை மீளளித்தல்

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

தங்கள் நிறுவனத்திடம் கடந்த மாதம் நான் வாங்கிய, சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் டயல் போர் கேஜ், ஒரே இடத்தை இரண்டு முறை அளந்தால் இரண்டு அளவுகளைக் காட்டுகிறது. இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, பாவிக்கும் முறை சரியில்லை என்று கூறி உங்கள் பிரிவினர் பேச்சை முடித்துக்கொண்டனர். கருவியைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் சொல்லப்பட்ட அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே, நான் அளந்த முறையையும் கண்ட குறையையும் எழுத்தில் தருகிறேன்.

அளந்தது ஒரு பலநாள் மீன்பிடிக் கலத்தின் நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரம். சிலிண்டரின் தரஅளவு, அதாவது தேயாத நிலையில் அதன் உள்விட்டம், 95 மில்லிமீற்றர். சுவரில் படிந்த கரியை நீக்கித் துடைத்து, சிலிண்டர்கள் உள்ள பிளொக், நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீற்றர், கேஜ் மூன்றும் ஒரே வெப்பநிலைக்கு வரும்படி இரவு முழுவதும் ஓரிடத்தில் விட்டு, காலையில் வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கினேன். 75–100 மில்லிமீற்றர் மைக்ரோமீற்றரை அதற்குரிய 75 மில்லிமீற்றர் அளவுத்தண்டால் சரிபார்த்து, 95.00 இல் பூட்டி, அதன் இரு முகங்களுக்கிடையில் கேஜ் தண்டின் அடியிலுள்ள அளக்கும் தலையை வைத்து, டயலுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் முன்னழுத்தம் (முனை சற்று உள்ளே அழுந்திய நிலை) கொடுத்து, முள் திரும்பும் புள்ளியில் பூச்சியத்தை அமைத்தேன். பின்னர் கேஜைச் சிலிண்டருக்குள் இறக்கி, தண்டை முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்து, முள் வலப்பக்கம் ஓடி நின்று திரும்பும் இடத்தை வாசித்தேன். மேல், நடு, அடி ஆகிய மூன்று உயரங்களிலும், கிராங் தண்டின் நீளப்பாட்டிலும் அதற்குக் குறுக்காகவும் அளந்தேன். இதில் எந்தப் படி தவறு என்று உங்கள் தொழினுட்பவியலாளர் எனக்கு எழுதித் தெரிவிக்கட்டும். பெட்டிக்குள் பாவனைக் குறிப்பு எதுவும் இருக்கவில்லை.

தேய்வு அதிகமாகக் காணப்படும் இடம், பிஸ்டனின் முதல் ரிங் ஏறித் திரும்பும் மேற்பகுதி. அங்கே கேஜை வெளியே எடுக்காமலே மீண்டும் மீண்டும் சாய்த்துப் பார்த்ததில் தேய்வு ஒருமுறை 0.08 மில்லிமீற்றர் என்றும், அடுத்தமுறை 0.05 என்றும், பிறகு 0.07 என்றும் வந்தது. முள் திரும்ப வேண்டிய இடத்தை எட்டுமுன்னரே தயங்கி நிற்கிறது. தண்டை விரல் நுனியால் மெல்லத் தட்டினால் மூன்று கோடுகள் தாண்டிக் குதிக்கிறது. டயலைக் கழற்றித் தனியே ஸ்டாண்டில் பொருத்தியபோது அதன் முள் சீராகவே ஓடியது. வேறொரு நல்ல டயலை இந்தத் தண்டில் மாட்டியபோது அதே தயக்கம் அதிலும் வந்தது. எனவே பிழை டயலில் இல்லை; தலையிலுள்ள அசையும் முனையோ, அந்த அசைவை மேலே கொண்டுசெல்லும் உட்கம்பியோ இறுகுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. தலையை நடுவில் நிறுத்தும் பாலத்தின் இரு சுருள்வில்களில் ஒன்று தளர்ந்திருப்பதால், பாலம் ஒரு பக்கமாகச் சரிந்து அமர்கிறது. தலை நடுக்கோட்டிலிருந்து 1 மில்லிமீற்றர் விலகினாலே, 95 மில்லிமீற்றர் சிலிண்டரில் ஏறத்தாழ 0.02 மில்லிமீற்றர் குறைவாகக் காட்டும். அதாவது, தேய்ந்த சிலிண்டரை நல்லது என்று இந்தக் கருவி சொல்லக்கூடும். அதை நம்பிப் புதிய ரிங் மட்டும் போட்டுக் கடலுக்கு அனுப்பிய இயந்திரம் கரையிலிருந்து வெகுதூரத்தில் புகைத்து நின்றால், கலத்தில் இருப்பவர்களுக்கு யார் பதில் சொல்வது? மாறாக, தேவையில்லாமல் 0.25 மில்லிமீற்றர் ஓவர்சைசுக்குச் சிலிண்டரைக் குடைந்துவிட்டாலோ வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. பிஸ்டன், ரிங், லேத் கூலி எல்லாம் கலத்தின் உரிமையாளர் தலையில் விழும். வாடைக்காற்று வீசும் மாதங்களில்தான் இங்கு பெரும்பாலான இயந்திரங்கள் திருத்தத்துக்கு வருகின்றன. அதற்கு முன்னர் நம்பத்தக்க கருவி என் கையில் இருக்க வேண்டும்.

எனவே, இக்கருவியைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு, வேறொரு கேஜைத் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அனுப்புமுன் அதனை துல்லியமான 95 மில்லிமீற்றர் உள்விட்டம் கொண்ட செற்றிங் வளையத்தில் பலமுறை வாசித்து, அந்த வாசிப்புகளை எழுதிய சோதனைத் தாளையும் இணைக்க வேண்டும். அது இயலாவிட்டால் முழுப் பணத்தையும் மீளளிக்கவும். வெறுமனே டயலை மட்டும் மாற்றித் தருவதை நான் ஏற்க மாட்டேன். காரணத்தை மேலே விளக்கியுள்ளேன்.

இரண்டு வாரங்களுக்குள் எழுத்துமூலப் பதில் கிடைக்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்கீழ், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறையிடும் உரிமையைப் பயன்படுத்துவேன். பற்றுச்சீட்டின் பிரதியையும், முள் குதிப்பதைப் பதிவுசெய்த காணொளியையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். கருவி எண்ணெய் பூசப்பட்டு, அதன் பெட்டியிலேயே பத்திரமாக உள்ளது.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
உரிமையாளர்,
இயந்திரத் திருத்தகம், திருகோணமலை.