மணி யாருடைய நாய்?

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி போனில், "மணியையும் பெர்லினுக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா, டிக்கெட் போட்டா போதும்ல?" என்று கேட்டாய். நான் "பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதிதான் உன் காதில் ஏறும். அதனால் எழுதுகிறேன்.

டிக்கெட் கடைசி வேலை. முதல் வேலை சிப், நாயை அடையாளம் காட்டும் சின்ன மின்னணுக் குப்பி. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், கழுத்துத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். அதன் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசியை ஐரோப்பாவில் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எந்த நாய்க்குப் போட்டீர்கள் என்பதற்கு அத்தாட்சி இல்லையே, அதனால். "மணிக்குத்தான் வருஷா வருஷம் போடறோமே" என்பாய். மணிக்குச் சிப் இல்லை. ஆக, அந்த மஞ்சள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் முத்திரை எல்லாம் நமக்கு மட்டும்தான்.

நான் என் நாய் கருப்பனைக் கூட்டிவந்தபோது சறுக்கியது இந்த இடத்தில்தான். டாக்டர் முதலில் ஊசி போட்டுவிட்டார், சிப் ஸ்டாக் இல்லையென்று மூன்று வாரம் கழித்துப் போட்டார். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பேப்பரை எல்லாம் சரிபார்க்கக் கொடுத்தபோதுதான் தேதி முன்னும் பின்னுமாக இருப்பது தெரிந்தது. திரும்ப ஒன்றாம் தேதியிலிருந்து கணக்கு. எனக்கோ வேலையில் சேர வேண்டிய நாள் வந்துவிட்டது. அவன் நாலரை மாசம் அப்பாவிடம் இருந்தது அதனால்தான்.

இப்போது உன் கணக்கைப் பார். இன்றைக்கே சிப்பும் ஊசியும் போட்டால்கூட, ஊசி வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க 30 நாள் கழித்துத்தான் ரத்தம் எடுக்க முடியும். அதை ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், தெருமுனை லேபில் கொடுத்துவிட்டு வராதே. எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சரி, வந்துவிட்டது என்று வை. ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாசம் காத்திருக்க வேண்டும். மொத்தம் நாலு மாசம், ஒரு நாள்கூடக் குறையாது. நீ ஆவணிக் கடைசியில் பெர்லினில் இருக்க வேண்டும். இப்போது ஆனி.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. நம் ஊரில் ரேபிஸ் இன்னும் தெருவில் இருக்கிறது. ஜெர்மனியில் நரிகளுக்குத் தடுப்பு மருந்து வைத்த தீனியைக் காடு காடாகப் போட்டு, 2008-இல் நரி, நாய் வழியாகப் பரவும் ரேபிஸ் இல்லாத நாடாக ஆனார்கள். அவ்வளவு பாடுபட்டவர்கள் நம் மஞ்சள் நோட்டை நம்புவார்களா?

"நான் முன்னாடி போறேன், மணியை அப்புறம் யாராவது ஏத்தி விடட்டும்" என்று நினைக்காதே. அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. வளர்ப்பவர் பயணம் செய்யும் நாளுக்கும் நாய் பயணம் செய்யும் நாளுக்கும் இடையில் 5 நாளுக்கு மேல் போகக்கூடாது. போனால் அது வளர்ப்பு நாய் கணக்கில் வராது, வியாபாரச் சரக்கின் விதிகளுக்குள் போய்விடும். அந்த வழி வேறு, செலவும் வேறு. அதனால் நீதான் திரும்பி வந்து கூட்டிப் போக வேண்டும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் வா. பட்டாசு ஆரம்பிப்பதற்குள் கிளம்பிவிடு. போன தீபாவளிக்கு அவன் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா?

பயணத்துக்கான உடல்நலச் சான்றிதழ்தான் கடைசி, அது பள்ளிக்கரணையில், கால்நடைக் குவாரண்டைன் ஆபீஸில். மணியை நேரில் கூட்டிப் போக வேண்டும். அது 10 நாள்தான் செல்லும், அதனால் முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் கஸ்டம்ஸில் நீயாகவே போய்ச் சொல்லிவிடு. சொல்ல ஒன்றுமில்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நழுவிப் போகலாம் என்று சில புத்திசாலிகள் உனக்குச் சொல்வார்கள். கேட்காதே.

கூண்டை மட்டும் இந்த வாரமே வாங்கு. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கக்கூடாது, உள்ளேயே திரும்ப முடிய வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். நாட்டு நாய்க்குக் கால் நீளம், எடையைப் பார்த்து வாங்கினால் சின்னதாகிவிடும். டேப் வைத்து அள. வாங்கியதும் கதவைக் கழற்றிவிட்டு ஹாலில் போடு. சாப்பாட்டை அதற்குள் வை. கருப்பன் முதல் பத்து நாள் கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிச் சாப்பிட்டான், பின்னங்கால் இரண்டும் வெளியேதான். அப்புறம் ஒரு மத்தியானம் பார்த்தால் உள்ளே மல்லாக்கப் படுத்து குறட்டை. தூக்க மாத்திரை கொடுக்கச் சொல்லி யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல். மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு அந்த உயரத்தில் மூச்சோ ரத்த அழுத்தமோ சிக்கலானால் பார்க்க ஆள் கிடையாது. பல விமான நிறுவனங்கள் மாத்திரை போட்ட நாயை ஏற்றவும் மாட்டார்கள்.

பெர்லினில் நாய்க்கு வரி உண்டு, முதல் நாய்க்கு வருஷம் 120 யூரோ. பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். வீடு தேடும்போதே நாய் இருக்கிறது என்று சொல்லிவிடு. இதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு எழுதியும் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அப்பாவிடம் கேட்டாயா?

பீடிங் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தது நீதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கருப்பனை நான் கூட்டிவந்த மூன்றாவது மாசம்தானே அப்பா மணியைச் சாக்கடையோரத்திலிருந்து தூக்கி வந்தார்? கருப்பனைக் கூட்டிவர நான் வந்திருந்தபோது அப்பா என் கையில் ஒரு காகிதத்தைத் திணித்தார். நாள்காட்டியில் கிழித்த தாள், பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: "தயிர்சாதம் ஆறியபின். இடி இடித்தால் காதைப் பொத்தவும். இடது காதில் தொட்டால் பிடிக்காது." ஏர்போர்ட்டுக்கு வரவில்லை, முழங்கால் வலி என்றார். அதற்கப்புறம் அம்மா போனில் சொன்னாள், ஒரு வாரம் தினமும் ஐந்தரைக்கு எழுந்து சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாராம்.

நீ கேட்டால் "தாராளமா கூட்டிட்டுப் போம்மா, எனக்கும் வயசாச்சு" என்பார். என்னிடமும் அதையேதான் சொன்னார். நான் அந்த முதல் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டேன், இரண்டாவது தடவை கேட்கவில்லை. கருப்பன் இங்கே ஹீட்டரை ஒட்டிப் படுத்திருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். நான் செய்தது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தக் காகிதம் என் பர்ஸில்தான் இருக்கிறது.

கூட்டிப் போகாதே என்று சொல்லவில்லை. எப்படியும் நாலு மாசம் இருக்கிறது, அவசரமாக முடிவெடுக்க வேண்டியதில்லை. சிப் போட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, அவன் சென்னையிலேயே இருந்தாலும் தொலைந்தால் கண்டுபிடிக்க உதவும். இந்தச் சனிக்கிழமை போட்டுவிடு. முதலில் சிப், பிறகு ஊசி. டாக்டர் எதிரிலேயே ஸ்கேனரில் வரும் எண்ணையும் புத்தகத்தில் எழுதிய எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பார்.

அப்பாவையும் கூட்டிட்டுப் போ. ஊசி போடும்போது மணியைப் பிடித்துக்கொள்ள அவரால்தான் முடியும்.

அக்கா